ஊறுகாயும் செல்போனும் ஒரே பட்டியலில்

கேள்வி: செல்போனில் அதிகம் பேசினால் மூளையில் கட்டி வரும் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டதாக என் மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நான் தினமும் அரை மணி நேரமாவது பேசுகிறேன். பேசி முடித்தால் காது சுடுகிறது. உங்கள் பத்திரிகை இதைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை? செல்போன் கம்பெனி விளம்பரம் போய்விடும் என்ற பயமா?

பதில்: அந்தச் செய்தியில் தேதி இருந்ததா என்று மைத்துனரிடம் கேளுங்கள். இருந்திருக்காது. அது 2011 மே மாதத்துச் சரக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அப்போது செல்போன் அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. 'புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கலாம், ஆனால் சான்று போதவில்லை' என்பதுதான் அந்தப் பிரிவு. பின்பாதியை யாரோ கத்தரித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். கற்றாழையின் முழு இலைச் சாறும் ஆசிய நாடுகளின் பாரம்பரியக் காய்கறி ஊறுகாயும் அதே 2பி-யில்தான் இருக்கின்றன. காபிகூட 2016 வரை அங்கேதான் குடியிருந்தது. (கற்றாழை ஜூஸின் மகிமை பற்றியும் மைத்துனர் ஏதாவது அனுப்பியிருப்பார், தேடிப் பாருங்கள்.) புகையிலை, மது, வெயில் மூன்றும் முதல் பிரிவு, அதாவது புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியானவை. வெயிலும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பது அதில் இல்லை.

அந்த முடிவுக்கு முக்கியக் காரணம், 13 நாடுகளில் நடந்து 2010-ல் வெளியான 'இன்டர்ஃபோன்' ஆய்வு. மொத்தம் 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களிடம் க்ளியோமா என்ற மூளைக்கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. உங்கள் அரை மணி நேரக் கணக்கில் இது சுமார் ஒன்பது வருடப் பேச்சு, அதனால் பயப்படத் தோன்றும். ஆனால் அதே ஆய்வைத் தொடர்ந்து படித்தால், செல்போன் பயன்படுத்துபவர்களை மொத்தமாக எடுத்துப் பார்க்கும்போது, பயன்படுத்தாதவர்களைவிட அவர்களுக்குக் கட்டி குறைவு! அப்படியானால் செல்போன் கட்டிக்கு மருந்தா? இல்லை. ஆய்வுக்கு ஆள் சேர்த்த விதத்தில் இருந்த கோளாறாக இருக்கலாம். போதாக்குறைக்கு, கட்டி வந்தவரிடம் போய் 'பத்து வருடம் முன்பு எவ்வளவு பேசினீர்கள்' என்று கேட்டால் ஞாபகமும் தடுமாறும். தினம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களும் அதில் உண்டு.

ஞாபகத்தை நம்பாமல், ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. டென்மார்க்கில் 3,58,403 செல்போன் சந்தாதாரர்கள், பிரிட்டனில் ஏழே முக்கால் லட்சம் பெண்கள்: இரண்டிலும் மூளைக்கட்டி கூடவில்லை. 2024-ல் உலக சுகாதார நிறுவனமே கேட்டு வாங்கிய மறுபரிசீலனை 63 ஆய்வுகளை அலசிவிட்டு, மூளைப் புற்றுநோய்க்கும் செல்போனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. இதை மைத்துனர் அனுப்பினாரா?

எலி ஆய்வையும் யாராவது இழுப்பார்கள். அமெரிக்காவில் தினம் ஒன்பது மணி நேரம், உடம்பு முழுக்க அலை பாய்ச்சியதில் ஆண் எலிகளின் இதயத்தில் கட்டி வந்தது உண்மை. அலை பட்ட அந்த ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்ததும் உண்மை.

காது சுடுவது பேட்டரியும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் சூடாவதால். போனைக் காதோடு அழுத்திப் பிடித்தால் காற்றும் புகாது, சூடு அங்கேயே நிற்கும். இந்த அலைகளுக்கு எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி மரபணுவை உடைக்கும் சக்தி கிடையாது. அப்படியும் மனசு கேட்கவில்லையா? இயர்போனில் பேசுங்கள். போன் தலையைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போனாலே படும் அலை மளமளவென்று குறைந்துவிடும். சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டும் லிஃப்டுக்குள் நின்று பேசாதீர்கள். டவர் எட்டாதபோதுதான் போன் முழு பலத்தையும் காட்டுகிறது.

ஒரு காது மட்டும் மந்தமாகிறது, அல்லது ஒரு காதில் மட்டும் விடாமல் இரைச்சல் என்றால், செல்போன் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் காது டாக்டரைப் பாருங்கள்.

விளம்பரம் பற்றிக் கேட்டீர்கள். பயமுறுத்தி எழுதியிருந்தால் இந்த இதழ் இன்னும் இரண்டு மடங்கு விற்றிருக்கும்.