ஆலயத் தேர்தல் கைப்பேசியிலா? வாக்குச் சீட்டு கேட்க வழி உண்டு

கேள்வி: எங்கள் தோட்டத்து ஆலயம் சுங்கை சிப்புட் பக்கம் உள்ளது. சங்கமாகப் பதிவு பெற்றது. இந்த ஆண்டு நிர்வாகத் தேர்தல் கைப்பேசிச் செயலியில்தான் என்று வாட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டார்கள். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலரிடம் இன்னும் பட்டன் போன்தான். வாக்குச் சீட்டு கேட்டுக் கையெழுத்து வாங்கி வருகிறோம். சட்டத்தில் இடம் உண்டா, ஐயா?

பதில்: உண்டு. ஆனால், அந்த இடம் உங்கள் சங்கத்தின் விதிகளில் இருக்கிறது. தேர்தல் தாளில்தான் நடக்க வேண்டும் என்று மலேசியாவின் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டம் சொல்லவில்லை. சங்கப் பதிவிலாகா அங்கீகரித்த விதிப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் மலாயில் இருக்கும். ‘கெர்தாஸ் உண்டி’, அதாவது வாக்குச் சீட்டு என்று இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. பொதுக்கூட்டத்தில் திருத்தம் நிறைவேறி, அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி சங்கப் பதிவாளர் அனுமதியும் கிடைத்தால்தான் அந்த விதி மாறும். வாட்ஸ்அப் அறிவிப்பு எந்த விதியையும் மாற்றாது.

‘உண்டி சூலிட்’ என்று மட்டும் இருந்தால், அதாவது ரகசிய வாக்கு என்று மட்டும் இருந்தால், வேறு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வாக்களிக்கும் குறியீடு உறுப்பினரின் தொலைபேசி எண்ணுக்கு வருகிறது என்றால், எந்த எண் யாருக்கு வாக்களித்தது என்று பார்க்கக்கூடியவர் யார்? போன் இல்லாத உறுப்பினர் எப்படி வாக்களிப்பார்? சந்தா கட்டிய அனைவருக்கும் வாக்குரிமை தரும் விதி இருக்கும்போது, சிலர் பயன்படுத்தவே முடியாத முறையைத் திணிப்பது அந்த உரிமையைப் பறிப்பதாகும். என் பார்வையில் உங்கள் மிகப் பெரிய பலம் இதுதான்.

“செயலியில் கள்ள ஓட்டு விழும்” என்று எழுதிவிடாதீர்கள். ஆதாரம் கேட்பார்கள். ஜெர்மனியில் தந்தையும் மகனுமான இரு குடிமக்கள் 2005 தேர்தலின் வாக்கு இயந்திரங்களை எதிர்த்து வழக்காடினார்கள். தொழில்நுட்பம் தெரியாத குடிமகனும் வாக்களிப்பின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று 2009 மார்ச் 3ஆம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறைகேடு நடந்ததற்குச் சான்று இல்லாததால் அந்தத் தேர்தலை ரத்து செய்யவில்லை. காகிதச் சீட்டுக்குத் திரும்பக் கோரிய மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. இரண்டுமே நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது; ஆனால் எந்த வாதம் நிற்கும் என்று காட்டுகின்றன. நம் பொதுத் தேர்தலிலேயே சீட்டுகளை வேட்பாளர்களின் முகவர்கள் கண்முன் எண்ணி, முடிவை ‘பாரம் 14’ என்ற படிவத்தில் பதிகிறார்கள். ஆலயத்திலும் அந்த வெளிப்படைத்தன்மையைக் கேட்பதில் தவறே இல்லை.

கையெழுத்துத் தாளைச் சிறப்புப் பொதுக்கூட்டம் கோரும் மனுவாக மாற்றுங்கள். எத்தனை பேர் ஒப்பமிட வேண்டும் என்பது உங்கள் விதியில் இருக்கும். உறுப்பினர் எண்ணும் சந்தா ரசீதும் இல்லாத கையெழுத்தை முதலிலேயே தள்ளிவிடுவார்கள். உறுப்பினர் அல்லாத பிள்ளைகளின் ஒப்பம் வேண்டாம். மனுவைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியும் மறுத்தால் பதிவாளரிடம் எழுத்துப்பூர்வமாக முறையிடுங்கள். உறுப்பினர்களுக்குள் தகராறு என்று அவர் கருதினால், 16ஆம் பிரிவின் கீழ் சங்கத்துக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். நீதிமன்றத் தடையுத்தரவு செலவு மிகுந்தது. அதை இப்போது தொட வேண்டாம். வாக்கெடுப்பு தொடங்கும் முன்பே உங்கள் ஆட்சேபத்தைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். முடிவு வந்த பிறகு எழுப்பும் ஆட்சேபம், தோற்றவரின் புகாராகவே பார்க்கப்படும்.