1978: இரண்டு வாடிகள்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

போன மாதம் ‘முள்ளும் மலரும்’ பற்றி எழுதியபோது, தமிழ் சினிமாவின் மிகச் சிறந்த வருசம் 1978 என்று சொல்லியிருந்தீர்கள். அந்தக் கட்டுரையை என் அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் பார்வை குறைவு. முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, வாடைக்காற்றும் அந்த வருசம்தானே வந்தது? அதை ஏன் எழுதேல்லை?” என்று கேட்டார். நான் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்படி ஒரு படம் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நீங்கள் சொன்ன படங்களில் எங்கள் நாட்டுப் படம் ஒன்றுகூட இல்லாதது தற்செயலா? 1978ஐப் பார்க்க நினைக்கும் என்னைப் போன்ற ஒருத்தி எந்தப் படத்தில் தொடங்கலாம்?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

*

அன்பின் மகளுக்கு,

தற்செயல் இல்லை, என்னுடைய பிழை. ‘தமிழ் சினிமா’ என்று எழுதத் தொடங்கினால் கை தானாகவே கோடம்பாக்கத்துக்குப் போய்விடுகிறது. கொழும்பில் இருந்துகொண்டு எழுதுகிற நானே இப்படி என்றால், அம்மப்பாவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். வாடைக்காற்று 1978தான். அவருக்கு நல்ல ஞாபகம்.

முதலில் அந்தக் கட்டுரையில் சொன்னதை விட்டுக்கொடுக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் அது உண்மையிலேயே பெரிய வருசம். ஜனவரியில் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ வந்தது. முதலமைச்சராகிவிட்ட எம்.ஜி.ஆரின் கடைசிப் படம் அது. அடுத்த ஏழெட்டு மாதத்துக்குள் தமிழ்த் திரையின் முகமே மாறிவிட்டது. ஓகஸ்ட்டில் ஒரு வார இடைவெளியில் ‘கிழக்கே போகும் ரயில்’, ‘முள்ளும் மலரும்’. தீபாவளிக்கு ‘அவள் அப்படித்தான்’, ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘தப்புத் தாளங்கள்’. ஒரே தீபாவளிக்கு இந்த மூன்றும் வந்தன என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடிவதில்லை.

ஆனால் எங்களுக்கு அந்த வருசம் அந்த வருசத்தில் வரவில்லை. இந்தியப் படங்களை இறக்குமதி செய்வது 1972இல் உருவான அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. மதராஸில் ஓடி முடிந்து, ஆறி, வருசக்கணக்காகிப் பிறகுதான் பல படங்கள் இங்கே வந்து சேர்ந்தன. பாட்டுகள் மட்டும் உடனே வந்தன. ‘செந்தாழம் பூவில்’, ‘பூவரசம்பூ பூத்தாச்சு’, ‘உறவுகள் தொடர்கதை’ எல்லாம் எனக்கு முதலில் வானொலிப் பாட்டுகள். இலங்கை வானொலியின் ‘திரைவிருந்து’ நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரல் வந்தால் எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே நேரத்தில் பேசும். நடந்து போகிறவர் ஒரு சொல்லைத் தவறவிடாமல் முழு நிகழ்ச்சியையும் கேட்டுக்கொண்டே போகலாம். பாட்டைக் கேட்டுக் கேட்டு, படத்தை நாங்களே மனதுக்குள் எடுத்து வைத்திருந்தோம்.

அதனால் ‘முள்ளும் மலரும்’ கடைசியில் கண் முன்னால் ஓடியபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நான் மனதில் எடுத்த படத்தில் எல்லோரும் நிறையப் பேசினார்கள். மகேந்திரனின் படத்தில் பேசவே இல்லை. மலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் விஞ்ச் ஓட்டுகிற காளிக்குக் கை போய்விடுகிறது. அவன் வந்து நிற்கிறான், தங்கை பார்க்கிறாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இரண்டு பக்க வசனம் எழுதியிருப்பார்கள். இங்கே காற்றும் இளையராஜாவும்தான். கடைசிக் காட்சியில்கூட காளி மாறிவிடுவதில்லை. தங்கையை எஞ்சினியருக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான், ஆனால் இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். ஒரு கதாநாயகனைத் திருத்தாமலே ஒரு படத்தை முடிக்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் படத்தின் ஒளி எங்கள் ஊர்க்காரருடையது. பாலு மகேந்திரா மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிக்கூடப் பையனாகக் கித்துல்கலையில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்து, அந்த இடத்திலேயே சினிமா பிடித்துக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் ஒளிப்பதிவு செய்த முதல் தமிழ்ப் படம் ‘முள்ளும் மலரும்’தான். மட்டக்களப்பில் 1978 என்றால் எவருக்கும் நவம்பர் சூறாவளிதான் முதலில் ஞாபகம் வரும். அதே வருசத்தில் அந்த மண்ணின் பிள்ளை ஒருவர் தமிழ் சினிமாவுக்கு வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

‘அவள் அப்படித்தான்’ எனக்கு இன்னும் பிந்தி வந்தது, தியேட்டரிலும் இல்லை. எண்பதுகளில் வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்ப்போம் அல்லவா, அப்படி ஓர் இரவில் மூன்றாவது கசெட்டாக அது வந்தது. கறுப்பு வெள்ளை என்று தெரியாமல் ஒரு மாமா எழும்பிப் போய் கலர் பட்டனைத் திருகிக்கொண்டே நின்றார். அரைவாசிப்பேர் நித்திரை. கடைசிக் காட்சியில், காருக்குள் கதாநாயகி மஞ்சு, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணிடம் பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறாள். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறாள் அவள். பிறகு மஞ்சுவை ரோட்டில் விட்டுவிட்டு கார் போய்விடுகிறது. அந்த அறையில் அதுவரை கண் மூடாமல் இருந்தவர் என் சித்தி மட்டும்தான். படம் முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் குசினிக்குப் போய், விடிய மூன்று மணிக்குத் தேத்தண்ணி போட்டார். அந்தப் படத்தைப் பற்றி அதன் இயக்குநர் ருத்ரையாவுக்கு எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். எனக்கு அந்தத் தேத்தண்ணிதான் விமர்சனம்.

இனி அம்மப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

1978இல் இங்கே எங்கள் படங்களும் வரிசையாக வந்தன. ‘வாடைக்காற்று’, ‘தென்றலும் புயலும்’, ‘ஏமாளிகள்’, வீ.பி. கணேசனின் ‘நான் உங்கள் தோழன்’. அதற்கு முன்னும் பின்னும் இப்படி ஒரு வருசம் எங்களுக்கு வாய்த்ததாக எனக்கு நினைவில்லை. ‘பைலட் பிரேம்நாத்’தையும் சேர்க்கலாம். சிவாஜியும் எங்கள் சிங்கள நடிகை மாலினி பொன்சேகாவும் நடித்து, இங்கே படமாக்கப்பட்ட கூட்டுத் தயாரிப்பு. ‘இலங்கையின் இளங்குயில்’ பாட்டை அம்மப்பா கட்டாயம் பாடிக் காட்டுவார், கேட்டுப் பாருங்கள்.

வாடைக்காற்று செங்கை ஆழியானின் நாவல். பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். ஏ.ஈ. மனோகரன், டொக்டர் இந்திரகுமார், கே.எஸ். பாலச்சந்திரன் நடித்தார்கள். வாடைக் காலத்தோடு நெடுந்தீவுக்கு வெளியூர் மீனவர்கள் வந்து, மீன்பிடிக் காலத்துக்கான தற்காலிகக் குடிசையான வாடி போடுகிறார்கள். உள்ளூர்க்காரருக்கும் அவர்களுக்கும் கடலில் தொடங்கும் பகை கரைக்கு வருகிறது, காதலும் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார், எனக்குப் பன்னிரண்டு வயது. கலரி டிக்கட். சில இடங்களில் மேடை நாடகத்தின் பழக்கம் தெரிந்தது உண்மை. ஆனால் திரையில் இருந்தவர்கள் எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார்கள். “என்ன பிள்ளை” என்று ஒரு குரல் வந்ததும் அப்பா என் தொடையைத் தட்டினார். சினிமாவில் பேசுகிற தமிழ் வேறு, நாங்கள் பேசுகிற தமிழ் வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது எங்கள் படச்சுருள்களும் எரிந்தன. ஒரு படத்தை ஞாபகத்திலிருந்து மட்டுமே எழுத வேண்டிய நிலை எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

இதை எழுதத் தொடங்கியபோது இன்னொன்று நெஞ்சில் தைத்தது. அதே 1978இல், அதே மேற்குக் கரையில் இன்னும் தெற்கே, சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ ‘பம்பரு அவித்’ எடுத்தார். குளவிகள் வந்துவிட்டன என்று சொல்லலாம். கற்பிட்டிக் கடற்கரை. நகரத்திலிருந்து இளைஞர்கள் மீன் வியாபாரத்துக்கு வருகிறார்கள். உள்ளூர் முதலாளியோடு போட்டி, உள்ளூர்ப் பெண்ணோடு காதல், ஊருக்குள் பகை. விஜய குமாரதுங்கவும் மாலினியும் நடித்தது, இசை கேமதாச. வெளியிலிருந்து வருகிறவர்கள், கரை, மீன், பெண், பகை. ஒரே வருசத்தில், ஒரே கடலுக்குப் பக்கத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு படங்கள் கிட்டத்தட்ட ஒரே கதையைச் சொல்லியிருக்கின்றன. நாங்கள் வாடி என்கிறோம், சிங்களத்தில் வாடிய. சொல்கூட ஒன்றுதான்.

இத்தனைக்கும் பத்திராஜ எங்களுக்கு அந்நியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்து, காவலூர் இராஜதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. வாடைக்காற்றுக்குப் போன என் அப்பா பம்பரு அவித்துக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் பம்பரு அவித்தைப் பார்த்தது, வாடைக்காற்று என்ற பெயரே அவர்களுக்குத் தெரியாது. இரண்டையும் பார்த்த ஒருவரை இன்றுவரை நான் சந்திக்கவில்லை. நான் பம்பரு அவித்தைப் பார்த்ததே முப்பது வயதுக்குப் பிறகுதான், அதுவும் ஒரு சிங்கள நண்பர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால். படம் முடிந்து வெளியே வந்ததும் அவருக்கு நெடுந்தீவு வாடியின் கதையைச் சொன்னேன். “இதுவும் அதே கதைதானே” என்றார். ஓம், அதே கதைதான்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டீர்கள். ‘முள்ளும் மலரும்’ பாருங்கள், அதில் இரண்டாம் கேள்விக்கு இடமில்லை. ஆனால் அதற்கு அடுத்து ‘அவள் அப்படித்தான்’ வேண்டாம், அது ஓடிப்போகாது. ‘பம்பரு அவித்’தைத் தேடிப் பாருங்கள், சிங்களம் முழுக்க விளங்காவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் செங்கை ஆழியானின் நாவலை எடுத்து அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். வாசிக்கும்போது அவர் இடையில் மறிப்பார், படத்தில் இந்த இடம் இப்படி இல்லை என்பார். அந்த நேரம் வாசிப்பை நிறுத்திவிட்டு, அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் அதை எந்தத் தியேட்டரில், யாரோடு போய்ப் பார்த்தார் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.