புரதமும் புரதமும் ஒட்டுமா? கேள்வி பதில்

ஊர் மன்னார்குடி. எந்தப் புரதம் எதோடு எப்படி ஒட்டும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பதுதான் என் வேலை. நேற்று ராத்திரி வரை வந்த கேள்விகளுக்குப் பதில்.

கும்பகோணம் மாணவி: அக்கா, குலைநோய்ப் பூஞ்சையின் ஏவிஆர்-பிக் புரதம், அதைக் கண்டுகொள்ளும் நெல்லின் பிக்-1 புரதம் ரெண்டையும் ஆல்ஃபாஃபோல்டில் (புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் மென்பொருள்) போட்டேன். ஐபிடிஎம் (ஒட்டும் விதத்தைக் கணித்ததில் எவ்வளவு நம்பிக்கை என்று 0 முதல் 1 வரை அது தரும் ஸ்கோர்) 0.42தான். ஒட்டாதுன்னு புராஜெக்டில் எழுதிடவா?

எழுதிடாதேம்மா. 0.8க்கு மேல் வந்தால் நம்பலாம். 0.6க்குக் கீழே என்றால் அந்தப் படத்தை நம்பாதே என்றுதான் அர்த்தம். ஒட்டாது என்று இல்லை. பிக்-1 ஆயிரம் அமினோ அமிலத்துக்கு மேல் நீளம். பூஞ்சைப் புரதம் பிடிப்பதோ அதற்குள் எழுபது எண்பது நீளமே உள்ள எச்எம்ஏ பகுதியை. மிச்ச நீளம் ஸ்கோரைக் கீழே இழுக்கும். எச்எம்ஏவை மட்டும் வெட்டி எடு. ஏவிஆர்-பிக்கின் முதல் 21 அமினோ அமிலம் சிக்னல் பெப்டைடு. பூஞ்சையை விட்டு வெளியேறும்போதே கழன்றுவிடும். அதையும் நறுக்கிவிட்டு மறுபடி ஓட்டு. ஸ்கோர் ஏறினாலும் துள்ளாதே: இந்தக் கூட்டின் படிக அமைப்பு 2015இலேயே வெளிவந்துவிட்டது. மென்பொருள் அதைப் பார்த்தே பயின்றிருக்கும், பார்த்த கேள்வியே பரீட்சையில் வந்த கதையாக இருக்கும்.

திருவாரூர் தம்பி: ஆன்டிபாடி போட்டால் மட்டும் ஏன்க்கா சொதப்புது?

சேர்ந்தே பரிணமித்த இரு புரதங்களில், ஒன்றில் ஓர் அமினோ அமிலம் மாறினால் எதிராளியும் ஈடுகட்டி மாறியிருக்கும். அந்தத் தடத்தை வைத்துத்தான் மென்பொருள் பெரும்பாலும் மோப்பம் பிடிக்கிறது. ஆன்டிபாடி சில வாரத்தில் உடம்பு தயாரிப்பது, தடமே கிடையாது. சீடு எண்ணிக்கையைக் கூட்டு. (ஆடுதுறைக்காரர்கள் ஏடிடி 43 நெல் விதை என்று நினைக்க வேண்டாம், இது ஒவ்வொரு ஓட்டத்தையும் தொடங்கி வைக்கும் ரேண்டம் எண்.) 2024இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு 3 கட்டுரையில் 1000 சீடு வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள், கூடக் கூட விடை தேறியது.

பட்டுக்கோட்டை: எங்க காலேஜில் ஜிபியு (இந்தக் கணக்கை வேகமாகப் போடும் சிப்) இல்லை.

இணையத்தில் இருக்கும் ஆல்ஃபாஃபோல்டு சர்வர் போதும், வணிகத்துக்கு இல்லாதவரை இலவசம். கரண்ட் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆடுதுறை: ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் பிடி விடுமா என்று இதில் பார்க்கலாமா மேடம்?

இதை நம்பி இறங்காதீங்க சார். ஏவிஆர்-பிக் ஈ வகைக்கும் சி வகைக்கும் 67ஆம் இடத்தில் மட்டும்தான் வித்தியாசம். அலனின் அங்கே அஸ்பார்டேட் ஆகிறது. பிக்எம் (பிக் எதிர்ப்பு மரபணுவின் ஒரு வகை) உள்ள நெல் ஈயைக் கண்டுகொள்ளும், சியைக் கண்டுகொள்ளாது. மென்பொருளோ பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே படத்தைத்தான் நீட்டும். லேபில் பார்த்த இந்த மாதிரி முடிவு கையில் இருந்தால் ஹேடாக்கில் (இரு புரதங்களைப் பொருத்திப் பார்க்கும் இன்னொரு மென்பொருள்) நிபந்தனையாகக் கொடுங்க: 67ஆம் இடம் ஒட்டும் முகத்தில் இருந்தே ஆகணும் என்று. முக்கால்வாசி தப்பு மாதிரிகள் அதிலேயே கழிந்துவிடும்.