பழைய டிவியில் பிளேஸ்டேஷன் லினக்ஸ்: கடைக்காரரிடம் கொடுக்கும் முன்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணன் கொடுத்த பழைய, பெரிய பிளேஸ்டேஷன் 3 இருக்கிறது. அப்பாவின் பழைய டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. மகளுக்கு அதையே லினக்ஸ் கம்ப்யூட்டராக மாற்றலாமா? கடைக்காரர், 'அப்டேட் செய்து லினக்ஸ் போட்டுத் தருகிறேன், நிறமும் வந்துவிடும்' என்கிறார்."

அப்டேட் மட்டும் செய்ய விடாதீர்கள். சோனி இந்தப் பெட்டியை 2006-ல் விற்கத் தொடங்கியபோது லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளம் போட்டுக்கொள்ளலாம் என்று வசதி கொடுத்தது, பிறகு 2010 ஏப்ரல் 1-ல் வந்த 3.21 அப்டேட்டில் அதைப் பிடுங்கிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியவனைக் கேட்காமலே இப்படிச் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. அமெரிக்காவில் வழக்குப் போட்டு 2018-ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது, அதுவும் அந்த நாட்டில் வாங்கியவர்களுக்கு மட்டும்தான், மொரீஷியஸில் வாங்கியவருக்கு ஒரு சல்லி கிடையாது. பெட்டியின் செட்டிங்ஸில் சிஸ்டம் தகவலைத் திறந்து அப்டேட் எண்ணைப் பாருங்கள். 3.15 அல்லது அதற்குக் கீழே என்றால் லினக்ஸ் போட வழி உண்டு. 3.21 அல்லது அதற்கு மேலே என்றால் விட்டுவிடுங்கள், 'பூட்டை உடைத்துத் தருகிறேன்' என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். மெலிந்த 'ஸ்லிம்' பெட்டிக்கு அந்த வசதி முதலிலிருந்தே இல்லை, அதை லினக்ஸுக்கென்று விற்றால் நம்பாதீர்கள்.

இனி நிறம். இதில்தான் ஆளை ஏமாற்றுகிறார்கள், ஏனென்றால் லினக்ஸுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. நம் தீவின் பழைய ஒளிபரப்பு பிரெஞ்சு நிற முறையான செகாம் (SECAM). உங்கள் பெட்டி மஞ்சள் கம்பி வழியாக அனுப்புவதோ பால் (PAL) என்ற வேறொரு நிற முறை. செகாம் மட்டும் தெரிந்த டிவிக்குப் படம் புரியும், நிறம் புரியாது. டிவியின் மெனுவில் பால் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால் பின்பக்கம் பெரிடெல் (SCART என்றும் சொல்வார்கள்) என்ற அகலமான துளை இருக்கிறதா பாருங்கள். அதில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பிகளில் போவதால் பால், செகாம் தகராறே எழாது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. கடைகளில் விற்கும் சின்ன பெரிடெல் கட்டை, மூன்று வட்டத் துளைகளோடு இருக்குமே, அது மஞ்சள் கம்பியைத்தான் கடத்தும், நிறம் வராது. பிளேஸ்டேஷனுக்கென்றே செய்த, அந்த மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் கடத்தும் ஆர்ஜிபி (RGB) பெரிடெல் கேபிள் வேண்டும். வீட்டில் பழைய பிளேஸ்டேஷன் 2-இன் ஆர்ஜிபி கேபிள் கிடந்தால் அதுவே பொருந்தும். டிவியில் இரண்டு பெரிடெல் துளைகள் இருந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் ஆர்ஜிபி ஏற்கும், அதனால் ஒன்றில் வராவிட்டால் மற்றதில் மாட்டிப் பாருங்கள். பெட்டியின் வீடியோ செட்டிங்ஸிலும் ஆர்ஜிபி என்று மாற்ற வேண்டும், பலர் இதை விட்டுவிட்டு கேபிளைக் குறை சொல்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் நிறம் வராத டிவிக்கு, பாலைச் செகாமாக மாற்றும் பெட்டி வாங்குவதைவிட, யாராவது கழித்துக்கட்டும் மானிட்டரைத் தேடுவது நல்லது.

லினக்ஸ் போடும்போது ஹார்டு டிஸ்கின் இடத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்து ஃபார்மட் செய்ய வேண்டும், எல்லாம் அழியும். அண்ணனின் விளையாட்டுச் சேமிப்புகளை முதலில் யுஎஸ்பியில் எடுத்து வையுங்கள்.

பழைய டிவியில் 576 வரிதான், அதுவும் மாறி மாறி வரைவதால் மெல்லிய கோடுகள் துடிக்கும், ஓரங்கள் வெட்டுப்படும். எழுத்தைப் பெரிதாக வையுங்கள், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரை டெர்மினலே கண்ணுக்கு நல்லது. நினைவகம் 256 எம்பி மட்டுமே, கிராபிக்ஸ் சில்லை லினக்ஸ் முழுதாகத் தொட முடியாதபடி சோனி பூட்டி வைத்திருந்தது. ஆகவே இன்றைய இணையதளங்களைத் திறந்து பள்ளிப் பாடம் செய்ய இது உதவாது. மகளுக்குக் கட்டளைகளும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் கற்றுக்கொள்ள ஆசை என்றால், சரி, தாராளமாகப் போட்டுக் கொடுங்கள்.