தண்ணீர்த் தொட்டியில் அறிவியல் நடத்துவது எப்படி?

கேள்வி: சிபிஎஸ்இ பள்ளியில் யூகேஜி ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 24 பிள்ளைகள். விளையாட்டு வழியாக அறிவியல் நடத்தச் சொல்கிறார்கள். மிதப்பதும் மூழ்குவதும் காட்டலாம் என்று ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்தேன். வாரி இறைத்ததுதான் மிச்சம். காரணத்தை விளக்கியபோது ஒருவரும் காதில் வாங்கவில்லை. நோட்டில் ஒன்றுமே இல்லையே என்று பெற்றோரும் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதல் நாள் வாரி இறைக்கத்தான் செய்வார்கள், விடுங்கள். தண்ணீரை அளைந்து அலுத்த பிறகுதான் அதில் போடும் பொருள் கண்ணில் படும். 24 பேருக்கு ஒரு தொட்டி தாங்காது. ஐந்தாறு பேராக வரட்டும். மற்றவர்கள் கட்டை அடுக்கட்டும், படம் வரையட்டும்.

விளக்கத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். அடர்த்தி என்பது ஐந்து வயதுக்கு எட்டாத விஷயம். ஆனால் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கும்: கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். அந்தக் கணக்கு உதைக்கிற மாதிரிப் பொருட்களைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் வேலை. தொட்டியில் கொள்ளும் அளவுக்கு ஒரு பரங்கிக்காய், கூடவே ஒரு சின்னக் கூழாங்கல். காய் மிதக்கும், கல் அடியில் போய் உட்காரும். அடுத்து எவர்சில்வர் கரண்டியும் எவர்சில்வர் கிண்ணமும். இரண்டும் ஒரே உலோகம்தான். கரண்டி மூழ்கும், கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தால் மிதக்கும். பிறகு பொம்மை செய்யும் களிமண்ணைக் கையில் கொடுங்கள். உருண்டையாகப் போட்டால் மூழ்கும். அதையே மிதக்க வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்த ஒரு கேள்விக்கே பீரியட் போய்விடும்.

எந்தப் பொருளையும் போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் மிதக்குமா, மூழ்குமா என்று சொல்லியாக வேண்டும். இதை விட்டுவிட்டால் வெறும் தண்ணீர் விளையாட்டுதான். முதலில் சொன்னது தப்பாகப் போகும்போதுதான் பிள்ளை திரும்பிப் போட்டுப் பார்க்கும். அந்த நேரத்தில் "ஏன் மிதந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "வேற எதைப் போட்டுப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள், கை வேலை செய்யும். யாராவது "உள்ள காத்து இருக்கு மிஸ்" என்றால், சரி என்றோ தப்பு என்றோ சொல்லாமல் பரங்கிக்காயை அறுத்துக் காட்டுங்கள்.

புளியங்கொட்டை, மணி போன்ற பொடிப் பொருட்கள் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று கொண்டுவந்துவிடாதீர்கள், அது விஷம். முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். கொஞ்சம் தண்ணீரும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்துதான்.

பெற்றோரிடம், 2022இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமே 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கற்றலைத்தான் வலியுறுத்துகிறது என்று சொல்லலாம். அதைவிட, பிள்ளை முதலில் என்ன சொன்னது, போட்டுப் பார்த்த பிறகு என்ன சொன்னது என்று இரண்டையும் அதன் வார்த்தையிலேயே எழுதி, அது வரைந்த படத்தோடு நோட்டில் ஒட்டி அனுப்புங்கள். நோட்டு கேட்டவர்களுக்கு நோட்டும் ஆயிற்று.