ஒரே பள்ளியில் அண்ணனும் தங்கையும்: ஒருவருக்குச் செய்தால் இன்னொருவருக்கு விட்டுப்போகிறதா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறோம். மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. இருவரும் ஒரே அரசுத் தொடக்கப் பள்ளி. கணவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. மாம்பழ சீசனில் நான் கூழ் ஆலைக்குப் போகிறேன். சார்ட், மாறுவேடம், போட்டி, ஆண்டு விழா எல்லாம் இருவருக்கும் சேர்ந்தே வருகின்றன. எப்படிச் சமாளிப்பது?

பதில்: ஐந்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி, இரண்டாம் வகுப்புக் குழுவில் ஒரு செய்தி, மீதியைப் பிள்ளைகள் இரவு சோற்றுத் தட்டின் முன் உட்காரும்போதுதான் சொல்வார்கள். விட்டுப்போவது இங்கேதான். மளிகைக் கடையில் கொடுக்கும் மாத காலண்டர் ஒன்றை அடுப்படிச் சுவரில் மாட்டுங்கள். மகனுக்கு நீலப் பேனா, மகளுக்குச் சிவப்பு. மேல் ஓரத்தில் கணவரின் ஷிஃப்டையும் குறித்துவிடுங்கள். எந்த நாளில் யார் வீட்டில் இருப்பீர்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

விழா நாளை மட்டும் குறிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பொருள் வாங்கும் நாள், செய்யும் நாள், கொண்டுபோகும் நாள் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம் வேண்டும். வெள்ளிக்கிழமை சார்ட் என்றால் செவ்வாய் வாங்கி, புதன் எழுதி, வியாழன் இரவே பையோடு சேர்த்து வையுங்கள். நான்கு சார்ட், இரண்டு கோந்து, ஒரு ஸ்கெட்ச் பெட்டி, ஒரு கத்தரிக்கோல் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும் ஸ்டேஷனரிக் கடையைத் தேடும் அலைச்சல் மிச்சம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகளில் 1, 2ஆம் வகுப்புகள் ஒரு பிரிவு, 3 முதல் 5 வரை இன்னொரு பிரிவு. அதனால் அண்ணனும் தங்கையும் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டியதில்லை. ஆனால் பள்ளி அளவுப் போட்டிகள் அடுத்தடுத்து நடக்கும். ஆளுக்கு ஒரு போட்டி போதும். அதிலும் ஒருவருக்கு உடை தேவைப்படும் மாறுவேடம் என்றால், மற்றவருக்கு உடையே வேண்டாத திருக்குறள் ஒப்புவித்தலோ ஓவியமோ பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் மாறுவேடம் என்று ஒப்புக்கொண்டால் அந்த வாரம் உங்களுக்குத் தூக்கம் இருக்காது.

அதிகம் கவனிக்க வேண்டியது ஆண்டு விழா. நிகழ்ச்சி வரிசை முடிவாகும் முன்பே, சுமார் இரண்டு வாரத்துக்கு முன், தலைமை ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: “சார், ரெண்டு பேர் டான்ஸுக்கும் நடுவுல நாலு நிகழ்ச்சி இருக்கற மாதிரி போடுங்க.” ஒரு நடனம் ஐந்து நிமிடம் என்றால் இருபது நிமிட இடைவெளி கிடைக்கும். சின்னவளுக்கு உடை மாற்றி, பொட்டும் பூவும் வைக்கவே பத்து நிமிடம் ஆகும். வரிசையை அச்சடித்த பிறகு கேட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

வாடகை உடையை ஒரே கடையில் எடுங்கள். ஒரே பயணத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கும்போதே ஹூக், ஜரிகை, நாடா எல்லாவற்றையும் பார்த்து, ஏற்கெனவே கிழிந்த இடம் இருந்தால் போனில் படம் எடுங்கள். அட்வான்ஸ் பிடித்தம் பற்றிப் பிறகு வாக்குவாதம் வராது. அளவு பெரிதாகவே இருக்கும் என்பதால் ஒரு டஜன் ஊக்கு, கறுப்பு நூல் கோத்த ஊசி, உள்ளே போட அரைக்கால் டவுசர் எடுத்துப் போங்கள். இரண்டு உடைக்கும் தனித்தனிப் பை, மேலே பெயர். ஒரே பையில் போட்டால் சலங்கை ஒருத்தியிடம், அதன் ஜோடி இன்னொருவனிடம் போய்விடும்.

ஒத்திகை நாளில் இருவரும் வேறு வேறு நேரத்தில் முடிப்பார்கள். தங்கையை அழைத்துவரும் பொறுப்பை அண்ணன் தலையில் கட்டாதீர்கள். பத்து வயதுப் பையன் விளையாட்டில் மறந்துவிடுவான். முதலில் முடிப்பவர் மற்றவரின் ஒத்திகை நடக்கும் இடத்தில் உட்காரலாமா, யார் வந்தால் அனுப்பலாம் என்று இரண்டு வரியில் கடிதம் எழுதி, இரண்டு வகுப்பு டீச்சரிடமும் கொடுங்கள். பாட்டியோ சித்தியோ, வருபவரின் பெயரும் போன் எண்ணும் அதில் இருக்கட்டும்.

ஜூன் மாதம்தான் உங்களுக்கு உண்மையான நெருக்கடி. பள்ளி திறப்பதும் கூழ் ஆலையில் வேலை உச்சத்தில் இருப்பதும் ஒன்றாக வரும். பை, தண்ணீர் பாட்டில், பெயர் ஒட்டுவது எல்லாவற்றையும் மே முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பள்ளி நாட்களில் காலை உணவுத் திட்டத்தில் இருவரும் சாப்பிட்டால் விடியற்காலைச் சமையல் குறையும். அதற்கு வகுப்பு தொடங்கும் முன்பே அவர்கள் பள்ளியில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மகன் ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஜூனில் அவன் வேறு பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர வேண்டும். மாற்றுச் சான்றிதழ், சேர்க்கை, புதுச் சீருடை அளவு எல்லாம் அதே மாம்பழ சீசனில் வந்து நிற்கும். ஏப்ரலில் பள்ளி முடியும் முன்பே, எமிஸ் (மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கல்வித் துறையின் கணினிப் பதிவு) பதிவில் அவன் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று தலைமை ஆசிரியரிடம் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்த நாள் பிடிக்கும், சீசன் நாட்களில் உங்களால் ஆலைக்கு லீவு போட முடியாது.