'பிறகு' என்றால் எப்போது?

கேள்வி: போரில் சிதைந்த ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் முதலில் ஆட்சி நிலைக்க வேண்டும், பெண்ணுரிமையெல்லாம் பிறகுதானே? அதுவும் இஸ்லாமியச் சட்டம் இருக்கும்வரை அது நடக்குமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: 'பிறகு' என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்துறைப்பூண்டிக்காரர் எழுதலாமா இந்தச் சொல்லை? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் முதலில் தலைமடைக்கு; கடைமடையில் இருக்கும் உங்களுக்கு 'பிறகு'தான். முறை வருவதற்குள் நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்துவிடும். கோடை முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, தண்ணீர் வரும் நேரத்தில் தூர்வாரப் பொக்லைனை வாய்க்காலில் இறக்காதீர்கள் என்று அதிகாரிகளுக்கு இதே பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இந்தக் கோபம் எனக்கு ஆறாது.

போர் முடிந்த நாட்டில் பெண்தான் கடைமடை. 2004 ஆப்கன் அரசியல் சட்டத்தின் 22-ம் பிரிவு ஆணும் பெண்ணும் சமம் என்றது. நாடாளுமன்றக் கீழவையின் 249 இடங்களில் 68 பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். பெண்கள் நீதிபதியானார்கள், பல்கலைக்கழகம் போனார்கள். ஆனால் 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் பெண்களின் உரிமை பற்றி ஒரு வரி கிடையாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் காபூல் தாலிபான் கையில் விழுந்தது. 2022 மார்ச் 23 அன்று புத்தகப் பையோடு உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பெண் பிள்ளைகளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். மறு அறிவிப்பு வரும்வரை என்றார்கள். டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடியது.

ஈராக் பெண்கள் 'பிறகு' என்பதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1959 குடும்பச் சட்டத்தை ஒழிக்க 2003 டிசம்பரில், அமெரிக்கா அங்கே அமைத்த இடைக்கால ஆளும் குழு 137-ம் தீர்மானம் போட்டது. பெண்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டு மாதத்தில் தீர்மானம் வாபஸ். அவர்கள் காப்பாற்றிய அந்தச் சட்டமும் ஷரீஅத் என்னும் இஸ்லாமியச் சட்ட மரபுகளிலிருந்து எடுத்துத் தொகுத்ததுதான். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: சட்டத்தை உட்கார்ந்து வாசிக்கும் இடத்தில் பெண் இருக்கிறாளா?

நம் ஊருக்கே வருகிறேன். மகளுக்குச் சொத்தில் பங்கு என்று குர்ஆன் எழுதிவைத்திருக்கிறது, மகனுக்குரியதில் பாதி. நான் சமபங்கு கேட்கிற கட்சி. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் 1949-லேயே ஷரீஅத் சட்டத்துக்கான சென்னை மாகாணத் திருத்தம் விவசாய நிலத்திலும் அந்தப் பங்கை உறுதிசெய்தது. இந்துக் குடும்பத்து மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை இங்கே 1989-ல்தான் வந்தது. இரண்டு சட்டமும் இருக்கின்றன. நிலம் கைக்கு வந்ததா?

சில வருஷம் முன்பு ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்தில் காத்திருந்தேன். பெஞ்சில் வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு அம்மா. பக்கத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு இன்னொருவர். இருவரும் வந்தது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க. துப்பட்டி அம்மாவின் அண்ணன் குனிந்து, "கையெழுத்த போடு புள்ள, மத்ததப் பிறகு பாத்துக்கலாம்" என்றார். அந்த அம்மா போட்டார். எவ்வளவு நிலம்மா என்று நான் கேட்டேன்.

"வாய்க்கா ஓரமா இருக்கும். எவ்வளவுன்னு அண்ணனுக்குத்தான் தெரியும்."